செம்புக்குச் செம்பு

ஒரே தராசு, ஒரே சூட்டுப்பெட்டி. கலக்கியதும் நான், கண்ணாடித் தட்டுகளில் ஊற்றியதும் நான். எண்ணெய் வந்த கேன்தான் வேறு வேறு. அதுவும் ஒரே பிரஸ்ஸில் பிழிந்த எண்ணெய்தான். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் ஒரு தட்டில் அப்பளம் கிடந்தது. வளைத்தால் முரண்டு பிடித்தது, இன்னும் கொஞ்சம் வளைத்தால் ஒடிந்தது. பக்கத்துத் தட்டில் கிடந்ததோ குழந்தையின் காதுமடல் மாதிரி மெத்தென்று இருந்தது. இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பியது. என் முழங்கையில் ஒட்டி உரித்துப் பார்த்தேன். ஒரு ரோமம்கூட வலிக்கவில்லை.

எனக்குக் குழப்பம் வந்தால் கூடவே கோபமும் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். அன்றைக்குத் தராசைத் துடைத்தேன், தட்டுகளைக் கழுவினேன், கழுவியவற்றையே திரும்பவும் கழுவினேன். கீழே ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மாடிப்படியில் தலையை நீட்டி, "என்ன தங்கச்சி, தண்ணி டாங்கிய காலி பண்ணப்போறீங்களா?" என்று கேட்டார். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

ஹட்டன் கடைத்தெருவில் அந்தக் கடையின் மேல்மாடிதான் எங்கள் ஆய்வுகூடம். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு சூட்டுப்பெட்டி, காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று, நிறையக் கண்ணாடி. அங்கே நாங்கள் செய்ய முயன்றது, புண்ணுக்கு மேல் போடும் ஒரு மெல்லிய படலம். மண்ணெண்ணெயும் பெற்றோலும் வருகிற அதே கிணற்றிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் செய்யாமல், ஆமணக்கெண்ணெயில் செய்வது. நிலத்தைத் தோண்டி எடுப்பது ஒருநாள் தீர்ந்துபோகும், செடியில் காய்ப்பது அடுத்த வருசமும் காய்க்கும் என்பது எங்கள் மேடத்தின் கட்சி. எண்ணெயைச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, கெட்டியாக்கும் திரவத்தை அளந்து சேர்த்து, தட்டில் ஊற்றி இளஞ்சூட்டில் விட வேண்டும். மறுநாள் உரித்தெடுக்கலாம். சொல்லும்போது தோசை வார்ப்பது போலத்தான் இருக்கும்.

ஆய்வுகூடத்தை நடத்தும் மேடம் கண்டிப் பக்கத்துச் சிங்கள அம்மா. என்னை "நங்கி" என்று, தங்கச்சி என்கிற பொருளில் கூப்பிடுவார். நாங்கள் பேசுவது சிங்களத்தில். அவர் சொன்னதை எல்லாம் நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது அறிவியலின் மேல் உள்ள காதலால் என்று நேர்முகத்தில் சொன்னேன். பாதி பொய். அக்காவின் காலால் வந்தேன்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்கா தேயிலைக் கொழுந்துக் கூடையை எடுத்தாள், நான் புத்தகப் பையை எடுத்தேன். அவளுக்கு அப்போது என்ன வயது என்று இன்றைக்கும் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து மலையில் நின்றவள்தான். மழையில் நின்றாள், பனியில் நின்றாள், சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றாள். நின்று நின்று காலில் நரம்பு புடைத்து, கடைசியில் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது. வந்தது போகவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டு கோஸ் துணி கட்டுவார்கள். அடுத்த தடவை அந்தத் துணியைப் பிரிக்கும்போது, அதோடு ஒட்டிக்கொண்டு புதுத்தோலும் வந்துவிடும். கொஞ்சம் மூடும், பிய்த்துக்கொண்டு திறக்கும். அக்கா அழ மாட்டாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டுவாள்.

"ஏன்டி, இவ்வளவு படிச்சிருக்கியே. புண்ணுல ஒட்டாத துணி ஒன்னு செய்ய முடியாதா ஒன்னால?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாடிப்படி ஏறினேன். பிறகு ஒரு நல்ல காரியமும் நடந்தது. எண்ணெயை வெளியே வாங்காமல் இங்கேயே பிழியலாம் என்று மேடம் முடிவு செய்தபோது, எங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவை நான் சொன்னேன். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போன அறை அது. வலப்பனைப் பக்கத்துக் காய்ந்த சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆமணக்கிலிருந்து விதை மூட்டையாக வரும். எங்கள் லயத்துப் பெண்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருப்பவர்கள், சிலர் அதை உடைத்து, புடைத்து, கையால் சுற்றும் பிரஸ்ஸில் பிழிவார்கள். விதைத் தூசி நஞ்சு என்பதால் கையுறையும் முகமூடியும் உண்டு. புண்ணாக்கை ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று மேடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். காலைக் காரணம் காட்டி அக்காவையும் அதில் சேர்த்தேன். அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. மர ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து, இடது காலைத் தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பிரஸ்ஸின் கைப்பிடியைச் சுற்றுவாள்.

"துரை மாதிரி உக்காந்திருக்கேன் பாரு" என்று முதல் நாள் சொன்னாள். சிரித்தாளா, வெட்கப்பட்டாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பிரஸ்ஸிலிருந்து வந்த எண்ணெயில்தான் இந்தக் கூத்து. ஒரு கேன் அப்பளம் தரும், ஒரு கேன் காதுமடல் தரும்.

முதலில் பனிமூட்டத்தைச் சந்தேகப்பட்டேன். மலைநாட்டில் எது கெட்டுப்போனாலும் பனியைச் சொல்வது வழக்கம். ரேடியோ பேசாவிட்டாலும் பனி, ரொட்டிமா புளித்தாலும் பனி. எண்ணெயில் ஈரம் இருந்தால் படலத்தில் குமிழிகள் வரும். ஆனால் இரண்டு படலத்திலும் குமிழி இல்லை. அடுத்து சூட்டுப்பெட்டி மேல் பழி போட்டேன். தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு விதை. மேல்சரிவு விதை, கீழ்ச்சரிவு விதை என்று பிரித்து உடைக்கச் சொல்லி அக்காவிடம் ஏச்சு வாங்கினேன். எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடித்த கதையாக, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்கோ மெத்தென்ற படலத்தைப் பார்த்து ஒரே பூரிப்பு. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நங்கி, இது மட்டும் ஒவ்வொரு தடவையும் இப்படியே வந்தால், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்கலாம். ஏன் வருகிறது என்று கண்டுபிடி" என்றார். ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பழக்கம். ஒன்று நன்றாக வந்ததற்குக் காரணம் தேடுவது புதிதாக இருந்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லயத்துக்குப் போனபோது அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஒட்டாத துணி கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது என்றேன். அக்கா உடனே பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, காலை நீட்டினாள்.

"போடு."

"இப்பப் போட முடியாதுக்கா. பரிசோதிச்சுப் பாக்காம மனுசங்க மேல வைக்கக்கூடாது. சட்டம் இருக்கு."

"என்னையும் மனுசியில சேத்துக்கிட்டியே, அதுவே போதும்" என்று காலை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாங்கிற கதைதான். ஊருக்கெல்லாம் செய்யிற. கூடப்பொறந்தவளுக்கு ஒரு துண்டு குடுக்கக் கை வரல ஒனக்கு."

என் பையில் அப்போது அந்தப் படலத்தின் ஒரு துண்டு இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குக் காட்டாமல் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். கெட்டியாக்கும் திரவம் மிச்சம் மீதி இல்லாமல் கலந்துவிட்டதா, அது புண்ணை என்ன செய்யும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றை அக்காவின் காலில் வைக்க முடியாது. இதை அவளுக்கு எந்தத் தமிழில் சொல்வது?

அடுத்து ஊறவைக்கும் சோதனை. உடம்புச் சூட்டில் உப்புத்தண்ணீரை வைத்து, அதில் படலத்தைப் போட்டுவிட வேண்டும். புண்ணில் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அப்பளம் அசையாமல் கிடந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மெத்தென்ற படலம் கிடந்த தண்ணீரில், மீன் குழம்பின் மேல் மிதப்பது போல எண்ணெய்க் கண்கள் மிதந்தன.

ஆமணக்கெண்ணெயை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அதற்குக் கை இருப்பதால்தான். மற்ற எண்ணெய்களின் துணுக்குகளுக்கு அந்தக் கை கிடையாது. ஆமணக்கெண்ணெயின் துணுக்கு மட்டும் கையை நீட்டும், கெட்டியாக்கும் திரவம் அந்தக் கைகளைக் கோத்துவிடும், படலம் ஆகிவிடும். கோத்த கை திரும்ப எண்ணெயாகி மிதக்காது. அப்படியென்றால் மிதப்பது கையில்லாத எண்ணெய். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் அந்த ஜாதி. அது கூட்டத்துக்குள் நிற்கும், யாரோடும் சேராது, நடுவில் நின்று எல்லாரையும் கொஞ்சம் தளர்த்திவிடும், இளஞ்சூடு பட்டால் மெல்ல வெளியே நழுவும். மெத்தென்று இருந்ததன் ரகசியம் அதுதான். மேடம் கன்னத்தில் வைத்துக் கொஞ்சிய மென்மை, கலப்படம்.

ஆனால் யார் கலப்பார்கள், எதற்குக் கலப்பார்கள்? கீழே போய் நானாவிடம் கேட்டேன். ஆமணக்கெண்ணெயில் யாராவது தேங்காயெண்ணெய் கலப்பார்களா?

நானா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இப்ப தேங்காயெண்ணெய் விக்கிற வெலைக்கா? கலப்படம் செய்யிறவன் லாபத்துக்குத்தான் செய்வான் தங்கச்சி. நட்டத்துக்குக் கலப்படம் செய்யிற ஆள நான் இன்னும் பாக்கல்ல. கண்டா எனக்கும் காட்டுங்க."

அவர் சொன்னது நியாயம். அதனால் குழப்பம் இன்னும் கூடியது. கேன்களில் கிழமை எழுதியிருப்போம். திரும்பிப் பார்த்தபோது, மெத்தென்ற படலம் தந்த கேன் எல்லாம் வெள்ளிக்கிழமைக் கேன். வெள்ளிக்கிழமைக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் கிழமை பார்த்தா வேலை செய்யும்?

அடுத்த வெள்ளி தோட்டத்துக்குப் போனேன். அக்காவுக்குச் சந்தோசம். வேலையைப் பார்க்க வந்தேன் என்றேன். காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விதை உடைந்தது, எண்ணெய் இறங்கியது, துணியில் வடிந்தது, கேன் நிறைந்தது. யாரும் எதையும் கலக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. என் லயத்துப் பெண்களை, என் அக்காவை, திருடியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அக்கா கேனைச் சும்மாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டுக்குக் கிளம்பினாள். அங்கே ஓட்டோ வந்து எடுத்துக்கொண்டு போகும். நானும் கூட நடந்தேன். வழியில் மாரியம்மன் கோயில். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு கேனோடு உள்ளே போனாள். கேனை இறக்கி, பையிலிருந்து பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்தாள். கேனிலிருந்து அது நிறைய எண்ணெய் ஊற்றி, அம்மன் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பாத்திரத்தில் விட்டாள்.

"என்னாக்கா செய்யிற?"

"கண்ணு தெரியலயா? ஆத்தாளுக்கு ஊத்துறேன். வெள்ளிக்கிழமை மொத எண்ணெ அவளுக்குத்தானே."

சரி, அதில் குற்றம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அதே செம்பைப் பாத்திரத்துக்குள் முக்கி எடுத்து, எங்கள் கேனில் திரும்ப ஊற்றினாள். நிறைய ஒரு செம்பு. அந்தப் பாத்திரம் தோட்டத்துக்கே பொது. ஒரு வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வரும், ஒரு வீட்டிலிருந்து நல்லெண்ணெய் வரும், பிள்ளை பாஸானால் ஒன்று, மாடு கன்று போட்டால் ஒன்று.

நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். பூசாரி திரும்பிப் பார்த்தார்.

"அதை ஏன்க்கா ஊத்துற!"

"ஏன் கத்துற? அளவு கொறையக் கூடாதில்ல?" அக்காவுக்கு நான் கேட்டது உண்மையிலேயே புரியவில்லை. "நெறைஞ்ச கேன்னு சொல்லித்தானே அனுப்புறோம். கொறைச்சலா போனா அந்தம்மா யாரக் கேப்பாங்க? ஒன்னையத்தான் கேப்பாங்க. ஒன் அக்கா எண்ணெயத் திருடிட்டான்னு ஒரு வார்த்த வந்துறக்கூடாது. அதான் செம்புக்குச் செம்பு."

"அதுக்காக..."

"அதோட இது ஆத்தா கையால வாங்குற எண்ணெ. மருந்துக்குத்தானே போவுது? யாரு கால்ல வைக்கப்போறாங்களோ தெரியல. அவங்களுக்கும் சேத்துக் கும்புட்டுத்தான் ஊத்துறேன்." செம்பின் வாயில் ஒட்டியிருந்த சொட்டை விரலால் வழித்து, குனிந்து, தன் புண்ணின் ஓரத்தில் தடவிக்கொண்டாள்.

நட்டத்துக்குக் கலப்படம் செய்கிற ஆளை நானாவுக்குக் காட்டலாம் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இதில் எதைச் செய்வது என்று தெரியாமல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ரோடு வரை நடந்தேன்.

கையிருக்கும் எண்ணெய், கையில்லாத எண்ணெய் கதையை அன்றே அவளுக்குச் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். "அப்ப ஆத்தா எண்ணெ வெளிய வந்துருதா?" என்றாள். ஆமாம் என்றேன். "புண்ணுக்குள்ள போவுமா?" போகும் என்றேன். யோசித்தாள். "சரி, இனிமே நான் ஊத்தல. மத்தவளுங்க கைய நான் புடிக்க முடியாது. அவளவளுக்கு ஒரு நேத்திக்கடன் இருக்கு."

அடுத்த வாரத்திலிருந்து வந்த கேன் எல்லாம் அப்பளம்தான் தந்தன. தண்ணீரில் போட்டால் சுத்தமாகக் கிடக்கும், காலில் போட்டால் குத்தும். எதை இழந்தோம், எதை மீட்டோம் என்று எனக்கே பிடிபடவில்லை.

அதற்கிடையில் அக்காவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள் வந்தது. டொக்டர் கட்டைப் பிரித்தார். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா திட்டும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் புண் சுருங்கி, நடுவில் ஒரு கடலைப்பருப்பு அளவுதான் திறந்திருந்தது. சுற்றிலும் புதுத்தோல், ரோஸ் நிறத்தில், பளபளவென்று.

"நல்லா ஆறிட்டு வருதே. என்ன செய்தீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"ஆத்தா எண்ணெ வச்சேன்" என்றாள் அக்கா. என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இப்ப நிப்பாட்டிட்டேன்" என்றாள்.

"எண்ணெயெல்லாம் வைக்காதீங்க. இப்ப என்ன வேலை?"

"உக்காந்து எண்ணெ புழியிறேன் டொக்டர். காலப் பெட்டி மேல தூக்கி வச்சுக்குவேன்."

"அதான்" என்றார் டொக்டர். "நிக்காம இருந்தீங்க, காலத் தூக்கி வச்சீங்க, கட்ட இறுக்கமா கட்டுனோம். அப்படியே இருங்க. திரும்ப நின்னா திரும்ப வந்துரும்."

வெளியே வந்ததும் அக்கா என் தோளைத் தட்டினாள். "அந்த டொக்டரம்மா சொல்லட்டும். ஆத்தாதான்."

"நீதான் எண்ணெ ஊத்துறத நிப்பாட்டிட்டியே. அதுக்கப்புறமும் ஆறுதே."

"ஏற்கனவே ஊத்துனதுக்கு" என்றாள். அதற்கு மேல் என்ன வாதம் செய்வது?

பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பட்டம், சூட்டுப்பெட்டி, கெட்டியாக்கும் திரவம், காதுமடல், அப்பளம். இத்தனையும் அக்காவின் காலுக்காக. அந்தக் காலோ ஒரு ஸ்டூலுக்கும் ஒரு தேயிலைப் பெட்டிக்கும் ஆறிக்கொண்டிருந்தது. அப்படியானால் நான் செய்துகொண்டிருப்பது என்ன? உட்கார இடமில்லாதவர்களுக்கு ஒட்டாத துணியா? கோபம் வந்தது. இந்தத் தடவையும் யார் மேல் என்று தெரியவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. செம்புக் கதையைக் கேட்டு அவர் ஏளனமாகச் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் போதிமரத்தடியில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார். திருப்பி எடுத்துவர மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை" என்றார். பிறகு நாங்களே தேங்காயெண்ணெயை அளந்து சேர்த்துப் பார்த்தோம். படலம் மெத்தென்று வந்தது, தண்ணீரில் எண்ணெய்க் கண் மிதந்தது. அந்தத் தட்டை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார். வேறு வழியில்தான் மென்மையைக் கொண்டுவர வேண்டும், அதற்கு முதலில் எண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

அப்போது ஒரு கேள்வி கேட்டார்.

"நங்கி, இனிமேல் அந்த எண்ணெயில் எதுவும் கலக்காது என்று நீ உறுதி சொல்வாயா? நீ சொன்னால் பிரஸ்ஸை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சுத்திகரித்த எண்ணெயைக் கொழும்பிலிருந்து வாங்க வேண்டியதுதான்."

அக்கா வார்த்தை தவற மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவளைத் தவிர மற்றவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போல இன்னும் எத்தனை வழக்கம், நான் பிறந்து வளர்ந்தும் கவனிக்காதவை, அந்தப் பிள்ளைக்காம்பராவைச் சுற்றி இருக்கிறதோ. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், திறந்த புண்ணோடு, எங்களை நம்பிப் படுத்திருக்கப்போகிற முகம் தெரியாத ஒருவரை நினைத்தேன். தேயிலைப் பெட்டியின் மேல் நீட்டிக் கிடக்கும் காலையும் நினைத்தேன். இரண்டும் கால்தான். வாயைத் திறந்தபோது என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

"தெரியாது மேடம்" என்றேன்.

அதுதான் உண்மை. ஆனாலும் அதைச் சொன்ன வாயை நான் இன்றுவரை நம்புவதா வேண்டாமா என்று குழம்புகிறேன்.

அவர் தலையசைத்தார். விதை உடைக்கும் வேலையாவது அவர்களுக்கு இருக்கட்டுமே என்று கேட்டேன். அக்காவின் காலைப் பற்றி, டொக்டர் சொன்னதைப் பற்றிச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எண்ணெயாகவே வாங்கும்போது உடைக்க விதை ஏது? நம் வேலை இந்தப் படலத்தைச் செய்வது, நங்கி. அதையாவது ஒழுங்காகச் செய்வோம்." மெதுவாகத்தான் சொன்னார். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சொல்வது என் வேலை ஆயிற்று. பிள்ளைக்காம்பராவில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, பெட்டியின் மேலிருந்த காலைக் காட்டினாள். கட்டு இல்லை. கடலைப்பருப்பும் இல்லை. மூடிவிட்டது.

"பாத்தியா? ஒன் அப்பளமும் வேணாம், ஆப்பமும் வேணாம்." முகமெல்லாம் சிரிப்பு. "தொட்டுப் பாருடி. மெதுவா."

தொட்டேன். தோல் அவ்வளவு மெல்லிசாக இருந்தது. அழுத்தினால் கிழிந்துவிடும் போல இருந்தது. விரலை எடுக்காமலே சொன்னேன், பிரஸ்ஸை நிப்பாட்டப் போகிறார்கள் என்று. ஏன் என்று சொன்னேன். மேடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அக்கா பிரஸ்ஸின் வாயில் தொங்கிய எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சொட்டாமல் நீண்டுகொண்டே இருந்தது.

"அப்ப திங்கக்கிழமை பெரட்டுக்குப் போகணும்" என்றாள். காலையில் பேர் கொடுத்து மலைக்குப் பிரிந்து போகும் இடத்தைத்தான் அப்படிச் சொல்வோம்.

"ம்."

"நீ சொன்னது சரிதான். தெரியாததத் தெரியும்னு சொல்லக்கூடாது" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"டொக்டர் சொன்னாங்களேக்கா, திரும்ப நின்னா..."

"கேட்டேன், கேட்டேன். எனக்கும் காது இருக்கு."

காலைப் பெட்டியிலிருந்து மெதுவாக இறக்கினாள். எழுந்தாள். ஸ்டூலைத் தன் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

"வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க. உக்காருடி."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் என் தோளைப் பிடித்து அமர்த்தினாள். நான் உட்கார்ந்தேன். அக்கா நின்றுகொண்டே பிரஸ்ஸைத் துடைக்கத் தொடங்கினாள்.